மைக்ரோராப்டர்: நான்கு சிறகோடு வேட்டையாடிய குட்டி டைனோசர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைக்ரோராப்டர் என்பது என்ன?

சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்று வடகிழக்குச் சீனாவின் லியாவ்னிங் மாகாணமாக இருக்கும் பகுதியில் வாழ்ந்த ஒரு சின்ன வேட்டை டைனோசர். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தால் பெரும்பாலான எலும்புக்கூடுகள் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அந்த நீளத்திலும் பாதிக்கு மேல் வால்தான். எடை ஒரு கிலோவை ஒட்டி இருந்திருக்கும். உடல் முழுக்க இறகு. கைகள் இரண்டும் சிறகு, கால்களிலும் சிறகு. வாயில் கூரான பற்கள், கைவிரல்களில் நகங்கள், காலின் இரண்டாவது விரலில் அரிவாள் போல வளைந்த பெரிய நகம்.

2000ஆம் ஆண்டு இதற்குப் பெயர் வைத்தபோது, பறவைகளைத் தவிர்த்துப் பார்த்தால், அதுவரை தெரிந்த வளர்ந்த டைனோசர்களிலேயே மிகச் சிறியது இதுதான். முதல் எலும்புக்கூட்டின் நடு உடல் 4.7 சென்டிமீட்டர். கட்டைவிரல் நீளம்கூட இல்லை என்று சொல்லலாம்.

பறவையா, டைனோசரா?

டைனோசர். ட்ரோமியோசாரிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. பலரும் பெயர் கேட்டிருக்கும் வெலாசிராப்டரும் அதே குடும்பம்தான். பறவைகள் இந்தக் குடும்பத்துக்கு மிக நெருங்கிய பங்காளிகள்: தாத்தா ஒருவர், கிளை வேறு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "மைக்ரோராப்டரிலிருந்துதான் பறவைகள் வந்தனவா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இல்லை. மிகப் பழைய பறவை என்று பலரும் கருதும், ஜெர்மனியில் கிடைத்த ஆர்க்கியாப்டெரிக்ஸின் வயது சுமார் 15 கோடி ஆண்டுகள். மைக்ரோராப்டர் அதற்கு 3 கோடி ஆண்டுகள் பிந்தியது. மைக்ரோராப்டர் வாழ்ந்த அதே காட்டில், அதன் தலைக்கு மேலேயே, அசல் பறவைகள் பறந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றை அது பிடித்துத் தின்றும் இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

"பாதிப் பறவை" என்று இதைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பின்னால் வந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, முன்னால் வாழ்ந்ததை அரைகுறை என்று எடைபோடும் பேச்சு அது. மைக்ரோராப்டர் எதுவாகவும் மாறும் வழியில் நின்றுகொண்டிருக்கவில்லை. தன் காட்டில், தன் ஏரிக்கரையில், தன் வயிற்றைத் தானே நிரப்பிக்கொண்டு, குஞ்சு பொரித்து முழு வாழ்க்கை வாழ்ந்த விலங்கு. அந்த வாழ்க்கையைப் பற்றிய சான்றுகள் வேறு எந்தச் சின்ன டைனோசருக்கும் கிடைக்காத அளவு இதற்குக் கிடைத்திருக்கின்றன. அதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன்.

யார், எப்போது கண்டுபிடித்தார்கள்?

பெயர் வைத்தவர்கள் பெய்ஜிங்கில் உள்ள முதுகெலும்பிகளின் தொல்லுயிரியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஷு ஷிங், ஜோ ஜோங்ஹே, வாங் ஷியாவ்லின் ஆகிய மூவர். 2000 டிசம்பரில் நேச்சர் இதழில் அறிவித்தார்கள். முழுப் பெயர் மைக்ரோராப்டர் ஜாவ்யானஸ். ஜாவ் ஷிஜின் என்ற மூத்த சீன டைனோசர் ஆய்வாளரைச் சிறப்பிக்க வைத்த பெயர். லியாவ்னிங்கின் சாவோயாங் பகுதியில், ஜியூஃபோதாங் பாறை அடுக்கில் கிடைத்தது.

ஆனால் இந்த விலங்கின் வால் அதற்கு ஒரு வருடம் முன்பே உலகப் புகழ் பெற்றுவிட்டது, வேறொரு பெயரில். அதுதான் அடுத்த கேள்வி.

போலிப் புதைபடிவம் ஒன்றில் மைக்ரோராப்டர் சிக்கியது உண்மையா?

உண்மை. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய கதை.

லியாவ்னிங்கில் புதைபடிவம் தோண்டுவது பல விவசாயிகளுக்குப் பக்க வருமானம். உடைந்த துண்டைவிட முழுசாக இருக்கும் எலும்புக்கூட்டுக்கு விலை அதிகம். அப்படி ஒட்டுப்போட்டு முழுசாக்கிய ஒரு பலகைக்கல் சீனாவிலிருந்து சட்டத்துக்குப் புறம்பாக வெளியேறி, அமெரிக்காவின் டூசான் நகரத்தில் நடக்கும் கல், கனிமக் கண்காட்சிக்கு வந்தது. 80,000 டாலருக்கு விலைபோனது. பறவையின் உடம்பு, டைனோசரின் வால். பறவைக்கும் டைனோசருக்கும் நடுவே இருந்த கண்ணி கிடைத்துவிட்டது என்று எல்லோரும் துள்ளினார்கள். நேஷனல் ஜியாகரஃபிக் இதழ் 1999 நவம்பரில் "ஆர்க்கியோராப்டர்" என்ற பெயரில் அதை வெளியிட்டது. அறிவியல் இதழ்கள் அதைப் பற்றிய கட்டுரையை ஏற்காத நிலையிலும் வெளியிட்டது.

அந்தக் கல்லை நேரில் பார்த்தவர்களில் ஷு ஷிங்கும் ஒருவர். அவர் ஊர் திரும்பியதும் லியாவ்னிங்கில் தேட ஆரம்பித்தார். இந்தப் பாறைகள் பிளக்கும்போது இரண்டு பலகைகளாகப் பிரியும். ஒன்றில் எலும்பு, மற்றதில் அதன் மறுபாதி. பனை ஓலையின் இரண்டு பக்கம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கைக்கு வந்த ஒரு கல்லில் அந்த வாலின் மறுபாதி இருந்தது. எலும்பு எலும்பாக, கறை கறையாகப் பொருந்தியது. ஆனால் அந்த வாலோடு சேர்ந்திருந்த உடம்பு பறவையின் உடம்பே இல்லை. பல்லும் நகமும் உள்ள சின்ன டைனோசர். டிசம்பர் மாதமே அவர் உண்மையைத் தெரிவித்துவிட்டார். 2000இல் இதழ் தவறை ஒப்புக்கொண்டது. கல்லும் சீனாவுக்குத் திரும்பியது.

இதழ் வெளியாகும் முன்பே, 1999இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அந்தப் போலியை எக்ஸ்ரே ஸ்கேன் செய்திருந்தார்கள். 88 துண்டுகளைச் சேர்த்து ஒட்டியிருந்தது தெரிந்தது. மேல் உடம்பு யானோர்னிஸ் என்ற, மீன் தின்னும் பழங்காலப் பறவையுடையது. வால், மைக்ரோராப்டருடையது. இரண்டுமே, தனித்தனியாக, அருமையான கண்டுபிடிப்புகள். ஒட்டியதால் இரண்டும் கெட்டன.

இந்தச் சம்பவத்தைக் காட்டி "டைனோசரிலிருந்து பறவை வந்ததே பொய்" என்று வாதிடுபவர்களை இன்றும் பார்க்கலாம். போலியைக் கண்டுபிடித்தவர் யார் என்று அவர்கள் சொல்வதில்லை. டைனோசர்களுக்கும் பறவைகளுக்கும் உள்ள உறவை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்துவரும் மனிதர்தான் அதை உடைத்தார். உடைத்த கையோடு அசல் விலங்கையும் உலகத்துக்குக் காட்டினார்.

அந்தக் காலத்தில் அந்த இடம் எப்படி இருந்தது?

ஏரிகள், சுற்றிலும் ஊசியிலை மரக்காடு, தூரத்தில் புகையும் எரிமலைகள். எரிமலைச் சாம்பல் ஏரிக்குள் படிந்து மாவு போன்ற சேறாகும். செத்து விழுந்த உயிரினம் அந்தச் சேற்றில் மூடிக்கொள்ளும்போது, காற்றுப் படாததால் அழுகல் மெதுவாகும். அதனால்தான் எலும்போடு இறகும், சில சமயம் தோலும், வயிற்றில் இருந்த கடைசிச் சாப்பாடும்கூட மிஞ்சின. பறவைகள், பறக்கும் ஊர்வனங்கள், கிளி மூக்கு கொண்ட சிட்டக்கோசாரஸ், பல்லிகள், தவளைகள், மீன்கள், எலி அளவுப் பாலூட்டிகள் என்று அந்த வட்டாரமே ஒரு சந்தைக்கூட்டம்.

நான்கு சிறகு இருந்தது எப்படித் தெரியும்?

2003 ஜனவரியில் ஷு ஷிங் குழு இன்னொரு இனத்தை அறிவித்தது: மைக்ரோராப்டர் குயி. சுமார் 77 சென்டிமீட்டர் நீளம். கு ஜிவேய் என்ற சீன ஆய்வாளரின் நினைவாக வைத்த பெயர். அந்தக் கல்லில் கைகளில் மட்டும் நீளச் சிறகிறகு இல்லை. கால்களிலும், அதுவும் பாதம் வரை, அதே மாதிரி நீண்ட இறகுகள் விரிந்து கிடந்தன. ஒவ்வொரு இறகிலும் தண்டின் ஒரு பக்கம் குறுகல், மறுபக்கம் அகலம். காக்கையின் சிறகிறகு ஒன்றை எடுத்துப் பாருங்கள், அதே அமைப்புத்தான். காற்றை வெட்டுவதற்கான வடிவம் அது. குளிருக்குப் போர்த்திக்கொள்ள மட்டும் இறகு வளர்ந்திருந்தால் இந்த வடிவம் தேவைப்பட்டிருக்காது.

கால் இறகுகள் வேறெங்கிருந்தோ நழுவி வந்து படிந்தவை என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். நியாயமான சந்தேகம்தான், கல்லில் பார்க்கும்போது இறகுக்கும் எலும்புக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. 2010இல் டேவிட் ஹோனும் மற்றவர்களும் புறஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாமல் இறகுகள் எலும்பு வரைக்கும் போயிருந்தன. இடைவெளி என்பது வெறும் தோற்றம்.

இன்னொரு விஷயம். 1915ஆம் ஆண்டே வில்லியம் பீபி என்ற அமெரிக்க இயற்கையாளர், பறவைகளின் முன்னோர்களில் நான்கு சிறகு உள்ள ஒரு கட்டம் இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார். புறாக் குஞ்சுகளின் தொடையில் வரும் இறகுகளைப் பார்த்து அவர் ஊகித்தது. படம்கூட வரைந்தார். 88 ஆண்டுகளுக்குப் பிறகு கிட்டத்தட்ட அந்தப் படம் மாதிரியே ஒரு கல் வெளியே வந்தது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

நிஜமாகவே பறந்ததா, சறுக்கியதா?

மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிப் போயிருக்கும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சிறகடித்துப் பறந்ததா என்பதில்தான் விவாதம். கால் சிறகுகளை எப்படி வைத்திருந்தது என்பதிலிருந்தே விவாதம் தொடங்குகிறது.

2003 படத்தில் கால்களைப் பக்கவாட்டில் விரித்து, தும்பி போல முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் சிறகு இருப்பதாகக் காட்டினார்கள். ஆனால் டைனோசரின் தொடை எலும்பு இடுப்புக் குழியில் உட்காரும் விதம் காலை அப்படி விரிக்க விடாது; மூட்டு கழன்றுவிடும். 2007இல் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் சங்கர் சட்டர்ஜியும் ஜாக் டெம்ப்ளினும் வேறு வழி சொன்னார்கள்: கால்கள் உடம்புக்குக் கீழே தொங்க, அந்தக் காலத்து இரட்டை இறக்கை விமானம் போல மேலே ஒரு சிறகு, கீழே ஒரு சிறகு. 2013இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் நிஜ அளவு மாதிரி செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். அதிக உயரமில்லாத மரங்களிலிருந்து நிதானமாகச் சறுக்குவது அதற்கு நன்றாகவே கைவந்திருக்கும் என்று தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று இதெல்லாம் இல்லை, இறகு உதிர்வது. பறவைகள் பழைய இறகை உதிர்த்துப் புதிது வளர்க்கும். வாத்துகள் சிறகிறகுகளை மொத்தமாக உதிர்த்துவிட்டுச் சில வாரம் பறக்க முடியாமல் தண்ணீரிலேயே ஒதுங்கிக் கிடக்கும். காக்கை அப்படிச் செய்யாது. ஒன்றிரண்டாக, முறை வைத்து உதிர்க்கும், ஏனென்றால் பறக்காமல் அதனால் ஒருநாள்கூடப் பிழைக்க முடியாது. 2020இல் ஒரு மைக்ரோராப்டர் சிறகை உற்றுப் பார்த்த ஆய்வாளர்கள், அதுவும் காக்கை போலவே முறை வைத்து உதிர்த்ததைக் கண்டார்கள். சிறகு இல்லாமல் சில வாரம் சும்மா இருக்க அதற்கு வசதிப்படவில்லை என்று பொருள். வருடம் முழுக்கச் சிறகு தேவைப்பட்டிருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒரு சான்று உண்டு. 2018இல் மரியா மெக்நமாரா குழு, மைக்ரோராப்டரும் வேறு சில இறகு விலங்குகளும் உதிர்த்த தோல் செதில்களை, அதாவது 12 கோடி ஆண்டுப் பழைய பொடுகை, நுண்ணோக்கியில் பார்த்தது. இன்றைய பறவைகளின் தோல் செல்களில் கொழுப்பு அதிகம்; நெடுநேரம் பறக்கும்போது உண்டாகும் சூட்டை வெளியேற்ற அது உதவும். இந்தப் பழைய செல்களில் கொழுப்பைவிடக் கெரட்டின், அதாவது நம் நகத்திலும் முடியிலும் உள்ள புரதம், நிறைந்திருந்தது. ஆகவே நீண்ட தூரம் மூச்சு முட்டப் பறக்கும் ரகம் இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு நம்ம ஊர்ச் செம்போத்துதான் நினைவுக்கு வருகிறது. வானத்தில் வட்டமிடாது. தரையில் நடக்கும், புதருக்குள் நுழையும், மரத்தில் தாவித் தாவி ஏறும், மேலிருந்து கனத்த உடம்போடு சறுக்கி இறங்கும். ஆனால் சிறகு இல்லாவிட்டால் அதன் பிழைப்பு நடக்காது.

தென்கொரியக் கால்தடங்கள் பற்றிய செய்தி என்ன?

2024இல் வந்த ஆய்வு. தென்கொரியாவின் ஜின்ஜு பாறை அடுக்கில் ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள, இரண்டு விரல் பதிந்த தடங்கள். சிட்டுக்குருவி அளவு விலங்கு. ஆனால் ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே உள்ள தூரம், அந்தச் சின்னக் கால்கள் ஓடி எட்டக்கூடியதைவிட மிக அதிகம். சிறகை அடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது, அல்லது அப்போதுதான் இறங்கியோ எழும்பியோ இருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மைக்ரோராப்டரே அல்ல, அதைவிட இளைய காலம். ஆனால் அந்த வகையறா.

நிறம் எப்படித் தெரியும்? படம் வரைபவர்களின் கற்பனைதானே?

கற்பனை இல்லை. இறகுக்குள் மெலனோசோம் என்ற நுண்ணிய நிறமிப் பைகள் இருக்கும். அவற்றின் வடிவத்துக்கும் அடுக்குக்கும் நிறத்துக்கும் தொடர்பு உண்டு. மைக்ரோராப்டர் இறகுகளில் அவை நீண்டு ஒல்லியாக, ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. இன்றைய பறவைகளோடு ஒப்பிட்டு 2012இல் சயின்ஸ் இதழில் முடிவு சொன்னார்கள்: பளபளக்கும் கருப்பு. வெயில் பட்டால் நீலமாக மின்னும் அந்தக் கருப்பு. கரிச்சான் குருவியைக் காலை வெயிலில் பார்த்திருந்தால் உங்களுக்கு விளக்கமே வேண்டாம். வால் நுனியில் விசிறி போல இறகுகள், நடுவில் இரண்டு மட்டும் நீண்டு தொங்கின. இணையைக் கவரத்தான் இதெல்லாம் இருந்திருக்கும்.

பகலில் வேட்டையா, இரவிலா?

கண்ணைச் சுற்றி உள்ள எலும்பு வளையத்தை அளந்து, இது இரவு விலங்கு என்று 2011இல் ஓர் ஆய்வு சொன்னது. மறு வருடமே பளபளப்பு தெரியவந்தது. இன்று மின்னும் இறகு உள்ள பறவைகள் பெரும்பாலும் பகலில் திரிபவை. இருட்டில் மினுக்கி யாருக்குக் காட்ட? நான் பகல் பக்கம்தான் சாய்கிறேன்.

என்ன தின்றது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இது. ஒரு டைனோசர் என்ன தின்றது என்று சொல்ல, வழக்கமாகப் பல்லின் வடிவம், தாடையின் வலு, பக்கத்தில் கிடைத்த எலும்பு இவற்றிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கும். வயிற்றுக்குள் சாப்பாடு அப்படியே கிடைப்பது அபூர்வம். மைக்ரோராப்டருக்கு அது நான்கு முறை, நான்கு விதமாகக் கிடைத்திருக்கிறது.

முதலாவது, பறவை. 2011இல் ஜிங்மாய் ஓ'கானரும் மற்றவர்களும் விவரித்தார்கள். விலா எலும்புகளுக்குள் ஒரு வளர்ந்த பறவையின் எலும்புகள். கிளையைப் பற்றி உட்காரும் கால் உள்ள, மரத்தில் வாழும் பறவை. முழுசாக விழுங்கியிருக்கிறது. மரமேறியை மரத்தில்தான் பிடித்திருக்க வேண்டும் என்று அப்போது வாதிட்டார்கள்.

இரண்டாவது, மீன். 2013இல் ஷிங் லிடா குழு வெளியிட்டது. வயிற்றுப் பகுதியில் மட்டும் மீன் எலும்புகள் குவிந்திருந்தன. பற்களையும் கவனித்தார்கள்: முன்பற்கள் கொஞ்சம் முன்னோக்கிச் சாய்ந்திருந்தன, ரம்பம் போன்ற பற்கருக்கு குறைந்திருந்தது. இறைச்சியை அறுத்துத் தின்பதைவிட வழுக்கும் இரையைக் குத்திப் பிடித்து விழுங்க ஏற்ற பல். ஏரிக்கரை விலங்குக்கு இது பொருத்தம்தான்.

மூன்றாவது, பல்லி. 2019இல் அறிவித்தார்கள். நம் வாசகர்களுக்கு இதில் தனி ஈர்ப்பு இருக்கும். வயிற்றில் கிடந்த பல்லி கிட்டத்தட்ட முழுசாக, எலும்புகள் கலையாமல் இருந்தது. தலை முதலில் உள்ளே போயிருந்தது. கொக்கு மீனை விழுங்குவது போல. அந்தப் பல்லியின் பற்கள் அந்த வட்டாரத்தில் அதுவரை தெரிந்த எந்தப் பல்லியுடையதோடும் ஒத்துப்போகவில்லை. அதாவது, அறிவியலுக்கே தெரியாத ஓர் இனத்தை மைக்ரோராப்டர் தன் வயிற்றுக்குள் 12 கோடி ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. அதற்கு இந்திராசாரஸ் வாங்கி என்று பெயர் வைத்தார்கள். விருத்திரன் இந்திரனை விழுங்கிய கதையிலிருந்து எடுத்த பெயர். கதையில் தேவர்கள் விருத்திரனைக் கொட்டாவி விடவைக்க, திறந்த வாய் வழியாக இந்திரன் உடம்பைக் குறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவான். பல்லிக்கு அந்தக் கொட்டாவி வாய்க்கவில்லை.

நான்காவது, பாலூட்டி. 2022 டிசம்பரில் வெளியானது. சுண்டெலி அளவு விலங்கு ஒன்றின், ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள பாதம், விரல்கள் கலையாமல், விலா எலும்புகளுக்கு நடுவே. இது எந்த எலும்புக்கூட்டில் தெரியுமா? 2000இல் பெயர் வைத்த அதே முதல் மாதிரியில். போலியின் வாலுக்கு மறுபாதி அதில்தான் இருந்தது. உலகம் முழுக்க நிபுணர்கள் பார்த்த கல். ஹான்ஸ் லார்சன் என்ற கனடா ஆய்வாளர் ஒருநாள் உற்றுப் பார்க்கும்வரை அந்தக் குட்டிப் பாதம் யார் கண்ணிலும் படவில்லை. அந்தப் பாதம் மரமேறும் விலங்குடையதாகத் தோன்றவில்லை; தரையில் திரிந்ததாக இருக்கும்.

ஆக, மரத்துப் பறவை, தரைப் பாலூட்டி, ஏரி மீன், பல்லி. இந்தப் பட்டியலில் எந்த ஒன்றை மட்டும் கையில் வைத்திருந்தாலும் நாம் ஏமாந்திருப்போம். முதல் வயிறு மட்டும் கிடைத்திருந்தால் "மரத்தில் பறவை வேட்டையாடிய விலங்கு" என்று பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். இரண்டாவது மட்டும் கிடைத்திருந்தால் மீன்கொத்தி ஆக்கியிருப்பார்கள். நான்கையும் சேர்த்து வைத்தபிறகுதான், வாய்க்குள் போகிற எதையும் விடாத விலங்கு என்பது தெரிந்தது. அவற்றில் எது உயிரோடு பிடித்தது, எது செத்துக் கிடந்ததைப் பொறுக்கியது என்று வயிறு சொல்லாது. ஆனால் ஒரே இடத்தில், ஒரே வகை இரையை நம்பி அது வாழவில்லை என்பது உறுதி.

காலில் இருந்த அரிவாள் நகம் எதற்கு?

பெரிய இரையைக் கிழிப்பதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். இத்தனை சின்ன இரையைக் கிழிக்கவேண்டிய தேவையே இல்லை. பருந்து செய்வது போல இரையை மிதித்து அழுத்திப் பிடிக்க உதவியிருக்கும். 2022இல் லேசர் ஒளியில் பாதத்தின் மெத்தைகளையும் செதில்களையும் பார்த்தவர்களும், மைக்ரோராப்டரின் பாதம் இன்றைய வேட்டைப் பறவைகளின் பாதத்தை ஒத்திருப்பதாகச் சொன்னார்கள்.

இந்த நகம் தேயாமல் இருக்க அதைத் தூக்கி வைத்துக்கொண்டே நடந்திருக்கும். கால் சிறகு வேறு பாதம் வரை நீண்டிருந்தது. தரையில் நடப்பது, நீளப் பாவாடையை மிதிக்காமல் ஓடுவது போன்ற வேலையாக இருந்திருக்கும். ஆனாலும் தரை இரையைத் தின்றிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இதை எது தின்றது?

அதே பாறை அடுக்கில் சைனோடிரானஸ் என்ற, டைரனோசாரஸுக்குத் தூரத்து உறவான பெரிய வேட்டை டைனோசர் கிடைத்திருக்கிறது. மைக்ரோராப்டர் அதற்கு ஒரு வாய்கூடப் போதாது. முட்டைக்கும் குஞ்சுக்கும்தான் ஆபத்து அதிகம் இருந்திருக்கும். பல்லி முதல் பாலூட்டி வரை எல்லாமே திருடன்கள்.

மொத்தம் எத்தனை இனங்கள்?

ஜாவ்யானஸ், குயி, 2012இல் பெயர் வைத்த ஹான்சிங்கி என மூன்று பெயர்கள் உள்ளன. எல்லாம் ஒரே இனம்தான் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் அருங்காட்சியகங்களில் இருப்பதால் இதைத் தீர்க்க வழி உண்டு.

இணையத்தில் புதைபடிவங்கள் விற்கிறார்களே, ஒன்று வாங்கலாமா?

வாங்காதீர்கள். சீனாவிலிருந்து முதுகெலும்பிகளின் புதைபடிவங்களை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோவது சட்டப்படி குற்றம். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், மேலே சொன்ன நான்கு வயிறுகள். விற்பனைக்காகச் சுத்தம் செய்பவர் விலா எலும்புக்கு நடுவே தெரியும் ஒரு சென்டிமீட்டர் பாதத்தை அழுக்கு என்று சுரண்டிவிடலாம். அழகுக்காக, கல்லில் இல்லாத இறகை வரைந்து சேர்க்கலாம். எந்தக் குழியில், எந்த அடுக்கில் கிடைத்தது என்ற தகவல் கைமாறும்போதே தொலைந்துவிடும். அந்தத் தகவல் போன பிறகு மிஞ்சுவது அலங்காரக் கல் மட்டும். ஆர்க்கியோராப்டரில் நடந்தது அதுதான்.

பார்க்க ஆசையாக இருந்தால், பெய்ஜிங்கில் உள்ள சீனத் தொல்விலங்கியல் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் அசலையே பார்க்கலாம்.

இந்த வகை விலங்கு இந்தியாவில் இருந்ததா?

மைக்ரோராப்டர் இங்கே கிடைத்ததில்லை. ஆனால் அதன் பங்காளிக் குடும்பத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒன்று கிடைத்திருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டில். அரியலூர் மாவட்டத்தின் கல்லமேடு பகுதியில் சுமார் 7 கோடி ஆண்டுப் பழைய பாறைகள் இருக்கின்றன. அங்கே கிடைத்த ஒரு சின்னப் பல்லை அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் உள்ளிட்டோர் 2013இல் விவரித்தார்கள். ட்ரூடான்டிட் என்ற, பறவைகளுக்கும் ட்ரோமியோசாரிட்களுக்கும் மிக நெருங்கிய வேட்டை டைனோசர்க் குடும்பத்தின் பல் என்பது அவர்கள் முடிவு. அதுவரை அந்தக் குடும்பம் வடக்குக் கண்டங்களில் மட்டுமே தெரிந்திருந்தது. ஒற்றைப் பல்லை வைத்து அவ்வளவு தூரம் போகலாமா என்று கேட்கும் ஆய்வாளர்களும் உண்டு. அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் இந்தியா ஆசியாவோடு ஒட்டியிருக்கவில்லை. மடகாஸ்கரிலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த தீவு. மடகாஸ்கரில் ரஹோனாவிஸ் என்ற, அரிவாள் நகமும் சிறகும் கொண்ட சின்ன விலங்கின் எலும்புகள் 1990களில் கிடைத்தன. அதே மடகாஸ்கரின் சிமோசூகஸ் என்ற குட்டி முதலையைப் போன்ற ஒன்றின் பற்களும் கல்லமேட்டில் கிடைத்திருக்கின்றன. அதனால் ரஹோனாவிஸ் போன்ற ஒன்று இங்கேயும் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. பல் மட்டும் இல்லாமல், வயிற்றில் சாப்பாடோடு ஒன்று கிடைத்தால் எப்படி இருக்கும் என்று அரியலூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். கல்லமேட்டுப் பற்கள் மில்லிமீட்டர் கணக்கு அளவுள்ளவை. மண்ணைக் கூடை கூடையாக அள்ளி, தண்ணீரில் கரைத்து, சல்லடையில் சலித்து, மிஞ்சியதை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் இவற்றைப் பொறுக்க முடியும்.